முதியோரும் வீழாமைப் பயிற்சியும்



முதியவர் ஒருவர் விழுந்தார் என்பதைத் தமிழ் ஒரே சொல்லால் சொல்லி அமைவதில்லை. ஈரத்தரையில் கால் நழுவினால் அது வழுக்கல். நிலைப்படியில் விரல் மோதினால் இடறல். எதுவும் தடுக்காமலே உடல் நிலைகொள்ளாது சாய்ந்தால் தடுமாற்றம். பேச்சு வழக்கில் இம்மூன்றும் கலந்து வருவதுண்டு. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறாதலின் இப்பாகுபாடு இன்றைய பொருளுக்குப் பெரிதும் பயன்படும்.

வழுக்கலுக்குக் குளியலறையில் ஒரு கைப்பிடியும் ஈரம் துடைத்த தரையும் வேண்டும். இடறலுக்கு இரவு விளக்கு வேண்டும். ஓரம் சுருண்ட மிதியடியை அகற்றவும் வேண்டும். பல இல்லங்களில் இவ்வளவோடு கடமை முடிந்ததாகக் கொள்கின்றனர். தடுமாற்றமோ வீட்டில் இல்லை, உடலில் இருக்கிறது. தொடைத் தசையின் மெலிவு, பார்வைக் குறை, படுக்கையிலிருந்து எழுந்தவுடன் இரத்த அழுத்தம் தாழ்தல், உறக்க மாத்திரையின் மயக்கம் ஆகியன அதற்குக் காரணங்கள்.

இதற்குப் பிள்ளைகள் கண்டுவைத்துள்ள மருந்து ஒன்றுண்டு. "அம்மா, நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம், வேண்டியதைச் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம்" என்பதே அது. பரிவிற் பிறந்த சொல்தான், குறை கூறற்குரியதன்று. ஆனால் நாற்காலியில் இருத்தப்பட்ட தாயின் கால் மேலும் மெலிகிறது. அடுத்தமுறை எழும்போது தடுமாற்றம் கூடுகிறது. கூடவே அச்சமும் கூடுகிறது. சமையலறையும் கொல்லையும் கோயிலும் ஒவ்வொன்றாக அவருடைய நாளிலிருந்து நீங்கிவிடுகின்றன. விழாமல் இருக்கிறார் என்பது உண்மை. எஞ்சியிருக்கும் நாள் எத்தகையது என்று எவரும் கேட்பதில்லை.

நியூசிலாந்தில் இதற்கு நேர்மாறான வழியை ஆய்ந்து பார்த்தனர். டனீடன் நகரில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்து முதியோர் மருத்துவ அறிஞர் ஜான் கேம்பெல்லும் அவர்தம் குழுவினரும் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்டிரைத் தேர்ந்தனர். அவருள் 116 பேருக்கு உடற்பயிற்சி கற்பிக்கப்பட்டது. 117 பேர் அப்பயிற்சியின்றி வழக்கமான மருத்துவக் கவனிப்பைப் பெற்றனர். இயன்முறை மருத்துவர் முதல் இரண்டு மாதத்தில் நான்கு முறை வீடு தேடிச் சென்றார்; பின்னர்த் தொலைபேசியில் ஊக்கம் அளித்துவந்தார். ஓராண்டு முடிவில் பயிற்சி பெறாதவரிடையே 152 வீழ்ச்சிகளும், பெற்றவரிடையே 88 வீழ்ச்சிகளும் நேர்ந்திருந்தன. இம்முடிவு 1997ஆம் ஆண்டு வெளியாயிற்று.

பயிற்சி என்றதும் பெருங்கருவிகளை எண்ண வேண்டா. கணுக்காலில் சிறு எடை கட்டிக் காலை நீட்டி மடக்குதல், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுதல், ஒற்றைக் காலில் நிற்றல், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நடத்தல், குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு பொருத்தி அடிவைத்தல், படியேறி இறங்குதல் ஆகியனவே. ஏறத்தாழ அரைமணி நேரம், வாரம் மும்முறை.

இவற்றை ஊன்றி நோக்கின், ஒவ்வொன்றும் ஒரு வீட்டு வேலையின் உரு என்பது புலப்படும். பேருந்தின் படியில் கால் வைக்கும் நொடியில் உடல் முழுவதும் மற்றொரு காலில்தான் நிற்கிறது. அடுப்பருகே நகர்வது பக்கவாட்டு நடை. கதவைத் தன்பக்கம் இழுத்துத் திறப்பவர் ஓரடி பின்வைத்தே திறக்கிறார். தரையில் அமர்ந்து எழும் வழக்கமுடைய தமிழ் முதியோர் இப்பயிற்சியிற் பாதியை அறியாமலே செய்துவந்தவர். நாற்காலியும் கட்டிலும் அதனைக் குறைத்துவிட்டன.

அச்சத்தை அளப்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டினெட்டி குழுவினர் 1990இல் அதனை வெளியிட்டனர். 'விழுவதற்கு அஞ்சுகிறீர்களா?' என்று அது கேட்பதில்லை. குளித்தல், உடை மாற்றல், எளிய உணவு சமைத்தல், அலமாரியில் எட்டி எடுத்தல், மணியடிக்கும் தொலைபேசியை நோக்கி விரைதல் முதலான பத்துச் செயல்களைக் கூறி, 'விழாமல் இதனைச் செய்வேன் என்னும் உறுதி எவ்வளவு?' என்று கேட்கிறது. பயிற்சியின் பயனை இப்பத்திலும் தேடுவதே முறை. எலும்பு முறியாத ஆண்டு நல்லாண்டுதான். தாமே குளித்து, தாமே சமைத்து உண்ட ஆண்டு அதனினும் நல்லது.

எல்லாம் எளிதாக முடிந்ததென்றும் கூறற்கில்லை. டனீடன் பயிற்சிக் குழுவில் இறுதிவரை நின்றவருள், இரண்டாண்டுக்குப் பின் வாரம் மும்முறைப் பயிற்சியைத் தொடர்ந்தவர் 44 விழுக்காட்டினரே. 1999இல் அதே அறிஞர்கள் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். உறக்கத்துக்கும் மனஅமைதிக்கும் உரிய மாத்திரைகளை, உண்பவர் அறியாவண்ணம் சிறிது சிறிதாகக் குறைத்தனர். வீழ்ச்சி 66 விழுக்காடு குறைந்தது. ஆய்வு முடிந்து ஒரே திங்களில், மாத்திரையை முற்றும் விட்டிருந்தவருள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் மீண்டும் அதனையே நாடினர். உறக்கம் வாராத இரவின் துயரை உணர்ந்தோர் அவரைப் பழிக்கமாட்டார்.

இம்மாத்திரைகளைத் தாமே திடீரென நிறுத்துதல் தீங்கு தரும். வீட்டில் முதியவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டுவது முதல் வேலை. எழுந்தவுடன் தலை சுற்றுவோரும் அண்மையில் எலும்பு முறிந்தோரும் இயன்முறை மருத்துவரைக் கேளாமல் பயிற்சி தொடங்கலாகாது. மற்றையோர் உறுதியான பிடி ஒன்றன் அருகே நின்று தொடங்கலாம். முதற்சில நாள் மகனோ மருமகளோ கையைப் பற்றாமல், எட்டும் தொலைவில் உடன் நிற்பது நலம்.