தேமலும் தலைவிதியும்
(நமது சங்கத்தின் படப்பைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உணர்ச்சியற்ற வெளிறிய தேமலொன்று மேனியில் தோன்றினால் நம்மவர் முதலிற் செய்வது யாது? மறைப்பது. வீட்டில் விவாகம் முடியும்வரையிலேனும் மறைப்பது! பெண் கொடுத்துப் பெண் கொள்ளும் நாம் இதனை அறியாதார் போல் இருப்பானேன்?

தொழுநோயை முன்வினைப் பயனென்று நம்புவோன் மருந்தை நாடான், வாளா இருப்பன். அதற்குக் காரணம் ஒரு கிருமியென்று நார்வே தேசத்து ஹான்சன் 1873-லேயே கண்டார். பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் வகுத்தது. ஆறு மாதம், மிஞ்சினால் ஓராண்டு உட்கொண்டாற் போதும்; அரசினர் ஆஸ்பத்திரியில் இலவசம். நமக்கு அண்மையில், செங்கற்பட்டைச் சார்ந்த திருமணியில், இந்நோய்க்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இருக்கிறது. தாமதித்தாலோ நரம்பு கெட்டு விரல் மடங்கும். மடங்கிய விரலை மாத்திரை நிமிர்த்தாது.

இவ்வளவிருந்தும் மறைப்பது ஏன்? பெரியோர் மறைக்கக் கண்டு சிறியோர் கற்றனர். ஒரகடத்து ஆலைக்குச் செல்லும் நம் இளைஞர் தலைக்கவசம் அணியக் கற்றது அறிவிப்புப் பலகையைப் படித்தோ? முன்னவர் அணியக் கண்டன்றோ!

விவாகரத்துக்குரிய காரணங்களிலிருந்து தொழுநோய் 2019-ல் சட்டப்படி நீக்கப்பட்டது. சட்டம் விட்டதை நாம் விட்டோமில்லை. குணமடைந்தவர் வாய் திறந்து கூறினால் பிறர் அச்சம் நீங்கும். ஆனால் அவர் வீட்டிற் சம்பந்தம் செய்ய எவர் முன்வருவர்?

ஆதலின் காரியக் கமிட்டியாராகிய நாம், குடும்பத்தோடு படப்பை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, மேனியைப் பரிசோதித்துக்கொள்ள இசைந்துள்ளோம். வரும் திங்களன்று காலையிற் செல்கிறோம். உடன் வருவோர் காரியதரிசியிடம் இன்றே தெரிவிக்கலாம்.