ஒரு குடிப்பெயரும் ஒரு நரம்பும்



நம் வழக்கில் தந்தையின் பெயர் ஒற்றை எழுத்தாய் மக்களின் பெயர்முன் நிற்கிறது. இத்தாலியர் வழக்கில் குடிப்பெயர் வழிவழியாகத் தொடர்கிறது. 'கலிலெய்' அவ்வாறு தொடர்ந்த பெயர். அறிவியலறிஞர் கலிலியோவை உலகறியும். அவர்தம் தந்தை வின்சென்சோ கலிலெய், லூட் என்னும் நரம்புக்கருவியில் வல்ல இசைவாணர். தம்பி மைக்கலாஞ்சலோவும் மியூனிக் நகரில் லூட் இசைத்து வாழ்ந்தவர். இசைக்கும் அறிவியலுக்கும் ஒரே குடிப்பெயர் வாய்த்தது தற்செயலன்று என்பதே என் கருத்து.

வின்சென்சோ, ஃபுளோரன்சில் பார்தி பிரபுவின் இல்லத்தில் கூடிய அறிஞர் வட்டத்தைச் சார்ந்தவர். புலவரும் இசைவாணரும் கூடி உரையாடிய அவை அது. பண்டைக் கிரேக்க இசையில் சொல்லின் பொருள் மேலோங்கி நின்றதென்றும், பல குரல்கள் பின்னிய தம் காலத்து இசையில் அது மறைகிறதென்றும் அவர் கருதினார். 1581இல் வெளியிட்ட உரையாடல் நூலில் தம் ஆசிரியர் சார்லினோவையே மறுத்தார்.

பழமையைப் போற்றிய அவரே, பழமையைச் சோதிக்கவும் தயங்கவில்லை. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் சட்சம் பிறக்கும், இது மெய். நரம்பில் தொங்கும் எடையை இரு மடங்காக்கினாலும் அதுவே பிறக்கும் என்று பிதாகரசின் பெயரால் பல நூற்றாண்டுகள் எழுதி வந்தனர். வின்சென்சோ எடைகளைத் தொங்கவிட்டுக் காதால் கேட்டார். இரு மடங்கு போதவில்லை. நான்கு மடங்கு வேண்டியிருந்தது. இரு மடங்கு எடையில் ஒலி ஏறக்குறையப் பிரதி மத்திமம் வரையே ஏறும். ஏட்டிலிருந்த கணக்கை ஒரு நரம்பு திருத்தியது.

1591இல் வின்சென்சோ மறைந்தார். 1632இல் மகன் வெளியிட்ட புகழ்பெற்ற வானியல் நூலும் உரையாடல் வடிவினதே. அதன்பொருட்டு 1633இல் அவர் சமய மன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். 1638இல் வெளிவந்த அவரது இறுதிப் பெருநூலில் நான்கு மடங்கு எடையின் கணக்கு மீண்டும் இடம்பெறுகிறது. தந்தையிடமிருந்து மகன் பெற்ற சொத்து பெயர் மட்டுமன்று. கேட்டறிந்த பின்னரே ஒப்புக்கொள்ளும் துணிவும் ஆகும்.

இவ்வவையில் மரபுக் கவிஞரும் புதுக்கவிஞரும் அருகருகே அமர்ந்திருக்கின்றீர்கள். இருசாராரிடமும் ஒன்று கேட்க விழைகிறேன். வெண்பாவுக்குச் செப்பலோசை என்று கற்றோம். அவ்வோசையைச் செவியால் கேட்டு எழுதுகிறோமா, தளையை விரலால் எண்ணி எழுதுகிறோமா? யாப்பு வேண்டாவெனத் துறந்தோர், ஒரு வெண்பாவையேனும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தபின் துறந்தனரா? கேளாமல் ஏற்பதும் கேளாமல் தள்ளுவதும் ஒரே பிழையின் இருமுகங்கள்.

இனிவரும் கூட்டங்களில் ஒவ்வொரு கவிதையும் முதலில் உரக்கப் படிக்கப்படட்டும், அதன்பின் விவாதிப்போம். நரம்பை மீட்டாமல் பண்ணுக்குத் தீர்ப்புச் சொல்லலாகாது.