மரத்துப்போகும் கை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நள்ளிரவில் கை மரத்து விழித்துக்கொண்டு, கையை உதறிவிட்டு மீண்டும் படுப்போர் நம் காலனியில் பலர் உளர். கேட்டால், "வாயுதான், வேறென்ன?" என்பார்கள். எம் இல்லத்திலும் இரண்டாண்டுக் காலம் அவ்வாறே சொல்லித் தைலம் தடவி வந்தோம். எம் மனைவியாரின் கட்டைவிரலடிச் சதை இளைத்து, காப்பித் தம்ளர் கைநழுவத் தொடங்கிய பின்னரே மருத்துவரை நாடினோம். மருத்துவம் கல்லாத குமாஸ்தாவாகிய நாம் இன்று பேசத் துணிந்தது இக்காரணம் பற்றியே.

மணிக்கட்டின் உட்புறத்தில், எலும்புகளுக்கும் அவற்றின்மேல் பாலம்போல் அமைந்த தடித்த நாருக்கும் இடையே குறுகிய வழி ஒன்று உண்டு. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியே செல்கின்றன. அங்கே வீக்கம் கண்டால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரக்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் மரத்தாலோ, பெரும்பாலும் முழங்கையில் வேறொரு நரம்பு நசுங்குகிறது எனலாம். கழுத்தில் நரம்பு நசுங்கினும் கை மரக்கும். ஆதலின் பிரித்தறிவது மருத்துவர் கடன்.

அவர் இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்க, ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்வார். மரமரப்புத் தோன்றினால் ஐயம் வலுக்கும். நரம்பின் வேகத்தை மின்கருவியால் அளந்தும் உறுதி செய்வார். நீரிழிவும் தைராய்டுக் குறைவும் இதற்குக் காரணமாகலாம் என்பதால் இரத்தமும் சோதிக்கப்படும்.

தொடக்கத்திலேயே சென்றால், மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையைச் சில வாரம் இரவில் அணிவதே பலருக்குப் போதும். சிலருக்கு ஊசி மருந்து இடுவர். அதற்கும் அடங்காவிடினும், சதை இளைப்பினும், அந்த நாரை அறுத்து நரம்புக்கு இடம் தருவர். முழங்கை நசுக்கம் உடையோர் மேசையில் முழங்கை ஊன்றுவதையும், கையை மடக்கி உறங்குவதையும் தவிர்த்தல் நலம்.

திடீரென ஒரு கை சோர்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது வேறு நோய். அக்கணமே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

அறுவைக்குப் பின் எம் மனைவியாருக்கு உறக்கம் மீண்டது. இளைத்த சதை முழுதும் மீளவில்லை. நாம் வீணாக்கிய இரண்டாண்டின் விலை அது. நம் இல்லத்துப் பெண்கள் தம் நோவைத் தாமாகச் சொல்வது அரிது. ஆகவே அன்பர்களே, இன்றிரவே வீட்டில் கேளுங்கள்: "எந்த விரல் மரக்கிறது?"