பழைய தொகுதிகளை என்ன செய்வது?



ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் தோன்றிய ஆண்டு 1875. சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததோ 1948இல். சட்டம் வருவதற்கு 73 ஆண்டுகளுக்கு முன்பே நூலகம் கண்ட ஊரில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பள்ளி ஆசிரியர்களும் நூலகர்களும் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைப்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

பேசவேண்டியது, பள்ளி நூலகங்களில் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் கனத்த நூல்களைப் பற்றி. அகராதி, கலைக்களஞ்சியம், நிலவரைபடம், ஆண்டு நூல் ஆகிய இவற்றை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. ‘ரெஃபரன்ஸ்’ என்று சீட்டு ஒட்டியிருக்கும். பிள்ளைகள் கைப்பேசியில் தேடிக்கொள்கிறார்களே, இவை எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கவேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். 1768இல் தொடங்கிய பிரிட்டானிகாவே 2012இல் அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியமும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. கிடைக்காத பொருள் என்ற காரணத்தைச் சொல்லி இந்த அலமாரியை இனிக் காப்பாற்ற முடியாது.

ஆனாலும் இது இருக்கவேண்டும் என்கிறேன். பதில் தேடும் இடமாக அன்று, கிடைத்த பதிலைச் சோதிக்கும் இடமாக.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் எந்த மாவட்டம் என்று கைப்பேசியைக் கேட்டால், விருதுநகர் என்று நொடியில் வரும். சரியான விடைதான். 1879இல் ஸ்டூவர்ட் எழுதிய திருநெல்வேலி மாவட்டக் கையேட்டைப் பிரித்தால் இவ்வூர் அதில் இருக்கிறது. திருநெல்வேலி கலெக்டராக இருந்த பென்னிங்டனின் பெயர் நம் நூலகத்துக்கு எப்படி வந்தது என்பது அப்போது விளங்கும். அதே திருநெல்வேலிக்குப் பேட் எழுதிய கெசட்டியர் 1917இல் வந்தது. அதில் நம் வட்டத்தைத் தேடினால் ஏமாற்றமே. 1910இலேயே ராமநாதபுரம் மாவட்டம் உருவாகி நம்மை அங்கே சேர்த்துவிட்டார்கள். 1972இல் வெளிவந்த ராமநாதபுரம் கெசட்டியரில் மீண்டும் அகப்படுகிறோம். 1985இல் காமராசர் மாவட்டம் பிரிந்தது. பின்னர் அதுவே விருதுநகர் மாவட்டம் என்று பெயர் பெற்றது. ஊர் நின்ற இடத்திலேயே நிற்க, நூலுக்கு நூல் மாவட்டம் மாறுகிறது. இதில் எந்த நூலும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் தன் தலைப்புப் பக்கத்தில் ஆண்டைப் போட்டுக்கொண்டு, அந்த ஆண்டில் நின்று பேசுகிறது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த நூல்களின் பக்கங்களை மேசைமேல் பரப்பிக் கொடுத்து, ஏன் இப்படி மாறியிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு செய்தியை யார் சொன்னார், எப்போது சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விகள் பாடம் நடத்தாமலே பிறக்கும். கைப்பேசித் திரையில் வரும் விடைக்குப் பல நேரம் ஆண்டும் கிடையாது, ஆளும் கிடையாது. அங்கேயும் அதே கேள்விகளைக் கேட்கும் பழக்கம் பிள்ளைக்கு வரவேண்டும். அதைப் பழக்கும் பயிற்சிக் களம் இந்த அலமாரி.

அப்படியானால் எதை வைப்பது, எதைக் கழிப்பது? பழைய மருத்துவக் கையேடுகளையும் சட்ட வழிகாட்டிகளையும் தயங்காமல் எடுத்துவிடுங்கள். காலாவதியான மருந்துக் குறிப்பு பிள்ளையின் கைக்குப் போவது ஆபத்து. போட்டித் தேர்வுப் பொது அறிவுத் தொகுப்புகளைக் கட்டுக்கட்டாக வாங்குவது, என் கருத்தில், வீண் செலவு. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தையும், அதைத் தொடர்ந்து வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளைக்கும் உலக அறிவு தாய்மொழியில் கிடைக்கவேண்டும் என்று, சுதந்திரம் கிடைத்த 1947ஆம் ஆண்டிலேயே அவினாசிலிங்கம் செட்டியார் போன்றோர் தொடங்கிய வேலை அது. அறிவியல் செய்திகள் பல பழசாகியிருக்கும். அந்த எண்ணம் பழசாகவில்லை. அபிதான சிந்தாமணியும் அப்படியே. சிங்காரவேலு முதலியார் என்ற ஒரு பள்ளித் தமிழாசிரியரின் பல்லாண்டு உழைப்பு, பாண்டித்துரைத் தேவரின் துணையோடு 1910இல் அச்சேறியது. அதைத் தொட்டுப் புரட்டாமல் ஒரு தமிழ்ப் பிள்ளை பள்ளியை விட்டுப் போகலாமா?

அலமாரியின் பூட்டைத் திறந்துவிடுவதுதான் முதல் வேலை. தொகுதிகள் வகுப்பறைக்குப் போகட்டும். தாள் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு வேலையும் உண்டு. எனக்கு மிகவும் நெருக்கமானது. எந்தக் களஞ்சியத்திலும் விரிவாகக் கிடைக்காத செய்திகள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் முறை, நம் கண்மாய்களின் பெயர்கள், மடைகள், பாசன வழக்கங்கள், ராஜபாளையம் பஞ்சாலைகளில் வேலை பார்த்தவர்களின் நினைவுகள், 2021இல் புலிகள் காப்பகமான மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் இன்றும் வாழும் நரை அணில் ஆகியவை பற்றி மாணவர்களே தகவல் திரட்டி, யாரிடம் கேட்டது, எந்தத் தேதியில் கேட்டது என்று எழுதி, கோப்பாகக் கட்டி அதே அலமாரியில் வைக்கட்டும். பள்ளிக்கு ஒரு கோப்பு போதும்; ஆண்டுதோறும் அது தடிக்கும்.

முதல் அமர்வில் பழைய நூல்களைக் கழிக்கும் விதிகள் விவாதத்துக்கு வருகின்றன. ‘பத்தாண்டு ஆன நூலை நீக்கு’ என்று ஒரே வரியில் விதி எழுதிவிடாமல், ஒவ்வொரு நூலாகக் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யும் முறையை வகுத்துத் தரும்படி கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.