தீவுப் பூனைகளும் சீவகாருண்யமும்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பசித்த உயிருக்கு உணவிடுதல் அறம் என்பதில் இவ்வவையில் இருவேறு கருத்து இராது. ஆனால், உணவுண்ட அவ்வுயிர் ஈனும் குட்டிகளுக்கும், அக்குட்டிகள் வளர்ந்து கொல்லும் சிற்றுயிர்களுக்கும் பொறுப்பேற்க வேண்டியவர் யாவர் என்று வினவினால், விடை அத்துணை எளிதன்று. இவ்வினாவை ஏட்டில் அன்றிக் கண்ணெதிரே காட்டும் இடங்கள் சில உலகில் உள்ளன. அவற்றுள் இரண்டு, ஜப்பான் நாட்டுத் தீவுகள்.

முதலாவது, எஹிமே மாநிலத்தின் ஓசு நகராட்சிக்கு உட்பட்ட அவோஷிமா. அதன் நீளம் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். நாகஹாமா துறைமுகத்திலிருந்து சிறு படகில் ஏறினால் அரை மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். கடை இல்லை, உணவு விடுதி இல்லை, மோட்டார் வாகனமும் இல்லை. மீன்பிடித் தொழில் செழித்திருந்த காலத்தில் எலித் தொல்லை தாங்காமல் மீனவர்கள் பூனைகளைக் கொண்டுவந்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ஏறத்தாழ 900 பேர் அங்கு வாழ்ந்ததாகக் கூறுவர். தொழில் நலிந்தது, இளையோர் பிழைப்புத் தேடிக் கரையேறினர், முதியோர் ஒவ்வொருவராக மறைந்தனர். பூனைகளை எவரும் உடன்கொண்டு செல்லவில்லை. 2018-ஆம் ஆண்டில் எஞ்சியிருந்த மக்கள் பத்துப் பதினைந்து பேர். பூனைகளோ ஏறத்தாழ 200.

இடைப்பட்ட ஆண்டுகளில் ‘பூனைத் தீவு’ என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. சுற்றுலாப் பயணிகள் தீனிப் பொட்டலங்களோடு வந்திறங்கி, காலைச் சுற்றிய பூனைகளைப் படம்பிடித்துக்கொண்டு அடுத்த படகில் திரும்பினர். நெருக்கமாக வாழும் பூனைக் கூட்டங்களில் பரவும் சளி நோய் குட்டிகளின் கண்களைக் கெடுத்துவிடும். அத்தகைய குட்டிகளை எவரும் விரும்பிப் படமெடுப்பதில்லை. நாள்தோறும் சோறிட்டு, நோயுற்றதைத் துடைத்து, இறந்ததைப் புதைக்கும் கடமை முதுமையடைந்த ஓரிருவர் தோளில் விழுந்தது. அவர்களுக்குப் பின் யார் என்னும் கேள்வி எழுந்தபோதுதான் கருத்தடைத் திட்டம் உருப்பெற்றது. 2018 அக்டோபரில் ஓசு நகராட்சியும், தெருப் பூனைகளுக்கு இலவசமாகக் கருத்தடை செய்விக்கும் பொதுநல அமைப்பு ஒன்றும் இணைந்தன. கால்நடை மருத்துவர்களும் தொண்டர்களும் படகேறிச் சென்று, தீவின் பூனைகள் அனைத்திற்கும் ஒருசேர அறுவை செய்ய முனைந்தனர்.

இத்தகைய பயணம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சற்று விரிவாகக் காண்பது நலம். கருணை என்னும் சொல்லுக்குள் எத்தனை சிறு உழைப்புகள் அடங்கியுள்ளன என்பது அதனால் விளங்கும்.

மருத்துவமனை இல்லாத தீவுக்குக் கூண்டுகள், மயக்க மருந்து, தூய்மை செய்த கருவிகள், துணிகள், விளக்குகள் ஆகிய எல்லாம் படகில் வரவேண்டும். பள்ளிக்கூடமோ ஊர்ப் பொதுக்கூடமோ அறுவைக் கூடமாக மாறும். பிடிப்பதற்கு முந்திய இரவு ஊரார் பூனைகளுக்கு உணவு வைக்கலாகாது. பசித்த பூனையே கூண்டுக்குள் நுழையும். வெறும் வயிறே மயக்க மருந்துக்கும் ஏற்றது. கூண்டுக்குள் வாசமுள்ள உணவு சிறிது வைக்கப்படும். உள்ளே சென்ற பூனை தட்டினை மிதித்ததும் கதவு விழும். அந்நொடியில் அது வெறிகொண்டு கம்பிகளில் மோதும். தொண்டர் ஓடிவந்து கூண்டின்மேல் துணியைப் போர்த்துவார். இருள் சூழ்ந்ததும் பூனை அடங்கிவிடும். எந்தச் சந்தில், எந்தத் திண்ணையருகே அகப்பட்டது என்பது அட்டையில் எழுதிக் கூண்டில் கட்டப்படும். இதனை ஏதோ அலுவலகக் குறிப்பு என்று எண்ணலாகாது. பூனை தன் இடம் அறிந்து வாழும் உயிர். வேறிடத்தில் விட்டால் மற்றப் பூனைகளால் துரத்தப்பட்டுப் பட்டினியில் மடியக்கூடும்.

கூண்டோடு நிறுத்து, கூண்டின் எடையைக் கழித்து, அதற்கேற்ப மயக்க மருந்து அளக்கப்படும். மயங்கிய பூனையின் கண்கள் மூடுவதில்லை. ஆதலால் அவை உலர்ந்து புண்ணாகாதிருக்கக் களிம்பு இடுவர். ஆண் பூனைக்கு அறுவை சில நிமிடங்களில் முடியும். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டுமாதலால் நேரம் கூடும். தையலைப் பிரிக்க மீண்டும் பிடிக்க இயலாது என்பதால் உடலில் தானே கரையும் நூலால் தைப்பர். பின்னர்க் காதின் நுனியில் சிறு வெட்டு இடப்படும். ஜப்பானில் ஆணுக்கு வலக் காதிலும் பெண்ணுக்கு இடக் காதிலும் ‘வி’ வடிவில் வெட்டுவது வழக்கம். அது செர்ரிப் பூவின் இதழ்போல் தோன்றுவதால் அப்பூனைகளைச் ‘சகுரா பூனைகள்’ என அழைப்பர். அவ்வடையாளம் உள்ள பூனையை மறுமுறை பிடித்து, மயக்கி, வயிற்றைத் திறந்து பார்க்கும் கொடுமை நேராது. மயக்கத்தில் உடல் குளிர்ந்துவிடுமாகையால் விழிக்கும்வரை போர்வையும் வெந்நீர்ப் புட்டியும் வைத்து ஒருவர் அருகிலேயே அமர்ந்திருப்பார். பால் கொடுக்கும் தாய்ப் பூனை அகப்பட்டால் அதற்கு முதலிடம். எங்கோ மறைவில் குட்டிகள் பசித்திருக்கும் என்பதால் அறுவையை விரைந்து முடித்து, தேறியவுடன் விடுவர். ஏனையவற்றை மறுநாள், அட்டையில் எழுதிய அதே இடத்தில் கதவைத் திறந்து விடுவர். எந்தப் பூனையும் நன்றியோடு திரும்பிப் பார்ப்பதில்லை. அம்பெனப் பாய்ந்து ஓடிவிடும்.

சமண இல்லறத்தாரின் உள்ளத்தை உறுத்தும் இடத்திற்கு இப்போது வருதல் வேண்டும். கொல்லாமை அணுவிரதத்திற்கு உரிய குற்றங்களாக அருங்கலச்செப்பு போன்ற நூல்கள் ஐந்தினைக் கூறுகின்றன: கட்டுதல், உறுப்பினை அறுத்தல், துன்புறுத்துதல், மிகைச் சுமை ஏற்றுதல், உணவினை மறுத்தல். மேற்கூறிய பணியில் கூண்டில் அடைப்பதும் உண்டு, உறுப்பினை அறுப்பதும் உண்டு, ஓரிரவு உணவு மறுப்பதும் உண்டு. விலங்குகளுக்குக் காயடித்தலை இல்லறத்தார்க்கு ஆகாத தொழில்களுள் வைத்த சமண நூல்களும் உள்ளன. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு, “இது கருணைப் பணி” என்று கைதட்டிச் செல்வது நேர்மையாகாது.

காளைக்குக் காயடித்தவன் தன் ஏருக்கும் வண்டிக்கும் அதனைப் பணியவைக்கவே அச்செயலைச் செய்தான். மயக்க மருந்தும் அளிக்கவில்லை. பூனைக்குக் கருத்தடை செய்யும் தொண்டர் அதனால் ஊதியம் ஏதும் பெறுவதில்லை. மனமாசினாலும் கவனக்குறைவினாலும் உயிர்க்கு ஊறு செய்வதே கொலைக்குற்றம் எனத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கின்றது. மருத்துவன் கத்தியும் கொலைஞன் வாளும் ஒன்றல்ல என்பது அவ்வரையறையின் பயன். எனினும் ஒரு வேறுபாடு எஞ்சுகின்றது. நோயாளியின் உடலை மருத்துவன் அறுப்பது அந்நோயாளியின் நலத்திற்காக. இங்கே அறுக்கப்படும் பூனைக்கு நோயில்லை. இனிப் பிறக்கக்கூடிய குட்டிகளின் துன்பம் கருதியே அது கத்திக்கு உள்ளாகின்றது. பெண் பூனைக்கு ஓயாத ஈற்றின் இளைப்பும் ஆணுக்குச் சண்டைக் காயங்களும் குறைகின்றன என்பது உண்மையே. ஆயினும் அதன் இசைவை எவரும் கேட்கவில்லை.

அக்குட்டிகளின் துன்பம் எத்தகையது? பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும். சுமார் 65 நாளில் ஈனும். ஓராண்டில் இரண்டு மூன்று ஈற்றும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப் பூனைகளைத் தொடர்ந்து கண்காணித்து 2004-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், பிறந்த குட்டிகளுள் நான்கில் மூன்று பங்கு ஆறு மாதம் நிறைவதற்குள் இறந்தன அல்லது காணாமற்போயின. தெருவில் காணும் பூனைகள் பிழைத்தவை மட்டுமே. பிழைக்காதவற்றை எவரும் எண்ணுவதில்லை.

சினைப்பட்ட பூனை கூண்டில் அகப்படும்போது இப்பணியின் மிகக் கடுமையான கேள்வி எழுகின்றது. குழுவினர் பலர் அப்போதும் அறுவையைச் செய்து கருவினை அகற்றிவிடுகின்றனர். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேறு வழியில்லை என்பது அவர்கள் கூற்று. வேறு சிலர் அதனை அப்படியே விடுவித்து, ஈன்று பாலூட்டி முடித்த பின்னர்ப் பிடிக்கின்றனர். சமண நெறிக்கு அணுக்கமானவர் இப்பின்னவரே. கருவில் உள்ள உயிரை அழித்தலை எந்தக் கணக்கும் அறமாக்காது. பிறவாத ஒன்றைத் தடுப்பது வேறு, உருவான ஒன்றை நீக்குவது வேறு. இதனால் பயணம் ஒன்று கூடுதலாகும், செலவு மிகும், நான்கு குட்டிகளுக்கு இல்லம் தேடவேண்டி வரும். அவ்வளவே.

கத்தியே வேண்டாம் என்று வாளா இருந்துவிட்டால் என்ன நேரும்? இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், தென்னாப்பிரிக்காவிற்கு உரிய மரியன் தீவின் வரலாறு இதற்கு விடை கூறும். அங்கே குடிமக்கள் இல்லை. வானிலை நிலையம் ஒன்றே உண்டு. எலிகளை ஒழிக்க 1949-இல் ஐந்து பூனைகள் கொண்டுவரப்பட்டன. 1970-களில் அவை ஏறத்தாழ 3,400 ஆயின. வளைகளில் கூடுகட்டும் கடற்பறவைகளை ஆண்டுக்கு நாலரை லட்சம் என்னும் அளவில் அவை கொன்று தின்றதாகக் கணக்கிடப்பட்டது. 1977-இல் பூனைகளைக் கொல்லும் நச்சுயிரி ஒன்று வேண்டுமென்றே பரப்பப்பட்டது. அதில் தப்பியவற்றைத் துப்பாக்கியாலும் பொறியாலும் நஞ்சாலும் கொன்று, 1991-இல் அத்தீவைப் பூனையற்ற தீவாக்கினர். ஐந்து பூனைகளாக இருந்தபோது எவரும் செய்யாத சிறு செயலின் விலை, பல்லாயிரம் பூனைகளும் எண்ணற்ற பறவைகளும் ஆயிற்று.

இனி, தொடக்கத்தில் குறித்த இரண்டாம் ஜப்பானியத் தீவு. கியூஷூவிற்கும் ஓகினாவாவிற்கும் இடையே உள்ளது டோக்குனோஷிமா. காளைச் சண்டைக்கும் நெடுவாழ்வு வாழ்ந்த முதியோர்க்கும் பெயர்பெற்ற, மூன்று ஊராட்சிகள் கொண்ட பெரிய தீவு இது. இங்கும் அருகிலுள்ள அமாமி ஓஷிமாவிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லாத கரிய முயல் ஒன்று இதன் காடுகளில் வாழ்கின்றது. அதன் தாய் குட்டிக்கெனத் தனி வளை தோண்டி, குட்டியை உள்ளே வைத்து, வாயிலை மண்ணால் அடைத்துவிட்டுச் செல்லும். ஓரிரு இரவுக்கு ஒருமுறை வந்து மண்ணை நீக்கிப் பாலூட்டி, மீண்டும் அடைத்துவிடும். பாம்பன்றி வேறு பகையறியாத காட்டில் அந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. பூனை வந்தபின் போதவில்லை.

2014 முதல் தொண்டர்களும் மருத்துவர்களும் ஊராட்சிகளோடு சேர்ந்து தீவு முழுவதும் கருத்தடைப் பணியை மேற்கொண்டனர். அறுவை செய்யப்பெற்ற பூனைகள் ஆயிரக்கணக்கில் ஆயின. ஆனால், கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடும். காதில் இதழ்வெட்டு இருப்பதை முயல் அறியாது. 2019-இல் வெளியான ஆய்வொன்று மேலும் ஓர் உண்மையைக் காட்டியது. காட்டில் முயலை வேட்டையாடும் பூனைகள் காட்டை நம்பி வாழ்வன அல்ல. அவற்றின் உணவில் பெரும்பங்கு ஊரில் மனிதர் வைக்கும் தீனியே. மாலையில் ஒரு வீட்டு வாயிலில் அன்போடு வைக்கப்பட்ட தட்டில் உண்டு வலுப்பெற்ற பூனை, இரவில் காடேறி மண்ணடைத்த வளையைத் தோண்டுகின்றது. தட்டினை வைத்தவர் கனவிலும் அதனைக் கருதியிருக்க மாட்டார்.

ஆகவே அங்கு அறுவையோடு பணி முடியவில்லை. வளர்ப்புப் பூனைகளைப் பதிவு செய்தலும், வீட்டிற்குள்ளேயே வைத்து வளர்த்தலும் வற்புறுத்தப்படுகின்றன. காட்டில் பிடிபடும் பூனைகள் கொல்லப்படாமல் காப்பகத்தில் வைக்கப்பட்டு, மனிதரோடு பழக்கப்பட்டு, ஏற்க முன்வருவோர் இல்லங்களுக்கு அனுப்பப்படுகின்றன. முரட்டுப் பூனை ஒன்று மனிதக் கையினை ஏற்கும்வரை மாதக்கணக்கில் கூண்டருகே அமர்ந்திருக்கும் பொறுமை, அறுவைக் கூடத்தின் விரைவினும் அரிது. அத்தகையோரைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுவதும் குறைவு.

இரண்டு தீவுகளின் நிலையும் இன்று ஒன்றல்ல. அவோஷிமாவில் குட்டிகள் பிறப்பது நின்றுவிட்டது. எஞ்சிய பூனைகள் முதுமை எய்தி, எஞ்சிய முதியோரின் கையால் உண்டு வருகின்றன. டோக்குனோஷிமாவிலோ மக்கள் மிகுதி, வீடுகள் மிகுதி, வேண்டாமென விடப்படும் பூனைகளும் உண்டு. இத்தகைய ஊருக்கு மறுமுறை செல்லும் தொண்டர்கள் கூண்டுகளை இறக்குவதற்கு முன் மாலையில் தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு பூனையின் காதையும் உற்று நோக்குவர். வெட்டில்லாத முழுக் காதோடு ஒன்று தென்பட்டால், அது சென்றமுறை தப்பியதா, அண்மையில் எவரேனும் கொண்டுவந்து விட்டதா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு, அத்தெருவின் பெயரை ஏட்டில் குறித்துக்கொள்வர்.