குழந்தைப்பேறு வைத்தியமும் புதிய குருட்டு நம்பிக்கையும்

(மாதர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு வெட்கமாகத் தோன்றலாம். இதுவரை வெட்கப்பட்டு வாய் மூடியிருந்ததால்தான் இவ்வளவு கேடும் விளைந்தது என்பதற்காகவே பேசுகின்றோம்.

கலியாணமாகி இரண்டு வருஷம் பிள்ளை இல்லையென்றால் பெண்ணுக்கு "மலடி" என்று பெயர். ஆணைப் பார்த்து அப்படியொரு வசவு யார் வாயிலாவது வருகின்றதா? அரச மரம் சுற்றுவது யார்? மண் சோறு தின்பது யார்? பெண்தானே! ஆனால் வைத்திய சாஸ்திரம் என்ன சொல்லுகின்றது? குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் குறையே முழுக் காரணமாகவோ, ஒரு பங்காகவோ இருக்கின்றது. உலகில் வயது வந்தவர்களில் சுமார் 6 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இந்தச் சங்கடத்தைக் காண்கின்றார் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் கூறிற்று. ஆகவே இது சாபமுமல்ல, பூர்வ ஜென்ம பாவமுமல்ல.

1978 ஜூலை 25ந் தேதி இங்கிலாந்தில், உடலுக்கு வெளியே உண்டாக்கிய கருவிலிருந்து முதல் குழந்தை பிறந்தது. அதே வருஷம் அக்டோபர் 3ந் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் அதைச் செய்து காட்டினார். சர்க்கார் நியமித்த கமிட்டி அவரை நம்பவில்லை. அவர் மனமுடைந்து 1981இல் உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கிலாந்தின் எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. இவை எந்த மந்திரத்தாலும் நடந்தவை அல்ல. மனித அறிவால் நடந்தவை.

ஆனால் தோழர்களே, பழைய கோயிலை விட்டுப் புதிய கோயிலுக்குள் நுழையுங்கள் என்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. கருத்தரிப்பு நிலையங்களின் சுவரெல்லாம் குழந்தைப் படங்கள் தொங்குகின்றன. பணமும் கொடுத்து, ஊசியும் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு திரும்பியவர்களின் படம் எங்கே தொங்குகின்றது? தொட்டில் கட்டிப் பெற்றவள் ஊரெல்லாம் சொல்லுவாள்; கட்டியும் பெறாதவள் வாய் திறக்க மாட்டாள். அங்கே நடக்கும் கணக்கும் இங்கே நடக்கும் கணக்கும் ஒன்றேயல்லவா?

ஆகையால் கேளுங்கள். "என் வயதுடைய நூறு பேர் இங்கே சிகிச்சை தொடங்கினால், எத்தனை பேர் குழந்தையோடு வீடு போகின்றார்கள்?" என்று கேளுங்கள். கரு தங்கிய கணக்கைச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கரு தங்குவது வேறு, பிள்ளை பிறப்பது வேறு. இளம் வயதிலுங்கூட ஒரு தடவையில் பலிப்பதைவிடப் பலிக்காததே அதிகம். நாற்பதுக்கு மேல் வாய்ப்பு வெகுவாகக் குறைகின்றது. இதை முதல் நாளே சொல்லாத வைத்தியர் நம்பிக்கையை விற்கின்றவரேயாவார்.

இது நம்முடைய வீண் ஆசையல்ல. 2021இல் நிறைவேறி 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டமே, பலிக்கும் வாய்ப்பு, செலவு, பக்க விளைவு, ஆபத்து ஆகியவற்றை நிலையம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்கின்றது. எழுத்து மூலம் சம்மதம் பெறாமல் சிகிச்சை செய்யக் கூடாது. குறைகளைக் கேட்க ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். ஆனால் தெரியாத பாஷையில் அச்சடித்த பத்துப் பக்கத்தைக் கொடுத்து, "இங்கே கையெழுத்துப் போடம்மா" என்பது சம்மதமாகுமா? கைநாட்டு வாங்கும் லேவாதேவிக்காரனுக்கும் இதற்கும் என்ன பேதம்?

கருமுட்டை தருகின்றவள் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், ஆயுளில் ஒரே தடவைதான் தரலாம் என்பதும் அந்தச் சட்டமே. அதே 2022இல் ஈரோட்டில் என்ன வெளியாயிற்று? 16 வயதுச் சிறுமியைப் போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, பல தடவை கருமுட்டை விற்க வைத்திருந்தார்கள். கைதானவர்களில் பெற்ற தாயும் ஒருத்தி! ஏழைப் பெண்ணின் உடம்பு யாருக்கும் கச்சாப் பொருளல்ல.

முடிவாக, ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மனைவியை ஊசிக்கும் ஸ்கேனுக்கும் அனுப்புமுன் நீங்கள் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்குக் கத்தியும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம். பெண்களே, "போதும், நிறுத்துங்கள்" என்று எந்த நாளிலும் சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு. பிள்ளை பெறாததால் எவளும் குறைந்தவளாகிவிடுவதில்லை. இதை உணர்ந்த பெண்ணை எந்தப் பூசாரியும் ஏமாற்ற முடியாது. எந்த வைத்தியரும் ஏமாற்ற முடியாது என்பதே நமது அபிப்பிராயமாகும்.