பட்டியலில் நம் பெயர் உண்டா?

(செபராங் ஜெயாவில் கூடிய தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விடியற்காலைப் பெரட்டில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. கிராணி செக்ரோலை விரிப்பார், பெயர் கூப்பிடுவார். பெயர் விழுந்தவருக்கு அன்று கூலி உண்டு. பெயர் விழாதவர் எத்தனை மரம் வெட்டினாலும் கணக்கில் சேராது. நாட்டுக்கும் அப்படி ஒரு செக்ரோல் இருக்கிறது. அதன் பெயர் வாக்காளர் பட்டியல். அதில் நம் பெயர் உண்டா என்பதே இன்று நம் பேச்சு.

ஓட்டுரிமையைப் பறிக்கத் தடியும் துப்பாக்கியும் வேண்டுமென்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை, தோழர்களே! ஒரு காகிதம் போதும். இதற்கு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களே சாட்சி.

நம் முன்னோரைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் அவர்கள். 1947 பொதுத் தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். நாடு சுதந்திரம் பெற்ற 1948-லேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நீ இங்கே பிறந்தது போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது சட்டம். லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? 1949-ல் வந்த இன்னொரு சட்டம், பிரஜையல்லாதவருக்கு ஓட்டில்லை என்றது. சட்டத்தில் எங்கும் தமிழர் என்ற சொல் இல்லை. ஆனால் அடிபட்டவர் தோட்டத் தமிழரே.

மனுச் செய்ய அதே ஆண்டில் வழி வைத்தார்கள், இரண்டாண்டுக் கெடு. தோட்டத் தொழிலாளரின் ஸ்தாபனமான இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் மனுப் போட வேண்டாமென்றது. பிறகு போடச் சொன்னது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின. உரிமை கிடைத்ததோ ஏறக்குறைய 134,000 பேருக்குத்தான். 1952-ல் தொண்டமான் தலைமையில் சத்தியாக்கிரகம் நடந்தது; பறிபோனது திரும்பவில்லை. 1964-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு போட்டார்கள். அந்த மனிதர்களைக் கேட்டார்களா? ஓட்டில்லாதவரை யார் கேட்பார்! மிஞ்சியவர்களுக்குத் தீர்வு தந்த சட்டம் 2003-ல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

நம் நாட்டில் அப்படிப் பறிக்கவில்லை என்பது உண்மை. 1957-ல் மெர்டேக்கா வந்தபோது, இந்நாட்டில் பல்லாண்டு வாழ்ந்தவர் மனுச் செய்து பிரஜையாக வழி இருந்தது. மனுப் போட்டவர் பிரஜையானார். நாளைக்குப் பார்க்கலாம் என்றிருந்தவர் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றார். 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜையல்லாதவருக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றது. அடுத்த ஆண்டுகளில் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். காகிதம் இல்லாவிட்டால் ஓட்டோடு வேலையும் போகும் என்பதை நம் தோட்டங்களும் கண்டன.

இன்று நிலை என்ன? 2021 டிசம்பர் 15 முதல், 18 வயதான பிரஜையின் பெயர் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. நல்ல காரியம். ஆனால் அடையாளக் கார்டில் உள்ள முகவரியைக் கொண்டே ஏறுகிறது. தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, கெடாவிலிருந்து ஒருவர் இந்தச் செபராங் ஜெயாவுக்குக் குடிவந்து பத்தாண்டு ஆகியிருக்கலாம். முகவரியை மாற்றாதவரை அவருடைய ஓட்டு இல்லாத லயத்தில்தான் கிடக்கும். செபராங் ஜெயா சட்டமன்றத் தொகுதியில் அவருக்குக் குரல் இல்லை.

ஆகவே நாம் செய்யவேண்டியவை இவை. பதிவு இலாகாவில் முகவரியை மாற்றுங்கள். அதோடு நிற்காமல், தேர்தல் ஆணையத்துக்கும் தொகுதி மாற்றத்துக்கு மனுச் செய்யுங்கள். தேர்தலுக்கு முதல்நாள் அல்ல, இப்போதே பட்டியலைப் பாருங்கள். திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். தாய் பிரஜையாக இல்லாமல், திருமணமும் பதிவாகாமல் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் பிரஜாவுரிமை சேராது. வாக்களிப்பு நாளில் ஓட்டுப் போடத் தகுந்த நேரம் கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது. 1954-ம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம் சொல்வது இது. யாராவது மறுத்தால் சங்கத்திடம் சொல்லுங்கள்.

கிராணிமார்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாரம் நிரப்பத் தெரிந்த கை உங்களுடையது. எழுதத் தெரியாத ஒரு பாட்டியின் சிவப்புக் கார்டை எடுத்து வைத்து, ஒரு மாலை நேரத்தைக் கொடுங்கள். சங்கத்துக்கு நீங்கள் செய்யும் பெரிய தொண்டு அதுவே.

இலங்கைத் தோட்டத்தில் நம்மவர் உழைப்பில் குறைவில்லை, எண்ணிக்கையில் குறைவில்லை. பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். அந்தக் குறை நம் வீட்டு வாசலுக்கு வராமல் பார்த்துக்கொள்வோம்.